சோப்புக்கு வந்த வெங்காயம்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு வணக்கத்தோடு எழுதுவது. நான் நல்ல சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா? பேத்தி வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாளா?

போன வாரம் இங்கே வங்கிகளையெல்லாம் மூடிவிட்டார்கள். பணம் எடுக்கும் மெஷினும் வாயைத் திறக்கவில்லை. செய்தியில் பார்த்திருப்பீர்கள், பயப்படாதீர்கள். விடுதி முதலாளியம்மா, "மெஸ்ஸை மூடிடலாம்மா. நீங்க ஊருக்குப் போயிடுங்க" என்றார். முப்பது பெண்களுக்கு நான் சமைக்கும் அடுப்பு. அணையவிடுவேனா? இப்படி ஒரு நாள் வரும் என்று டிரங்குப் பெட்டியில் சில்லறை நோட்டு, சோப்பு, தீப்பெட்டி, தேயிலை எல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். நோட்டு கேஸ் சிலிண்டர்காரருக்குப் போயிற்று. காய்கறிக்காரரிடம் சோப்புகளை அள்ளி நீட்டினேன்.

"ஏம்மா, எம்மேல நாத்தமா அடிக்குது?"

"அடிக்குதுதான். ஆனா இது உங்க வீட்டம்மா துணி துவைக்க. வெங்காயத்தைப் போடுங்க."

சிரித்துக்கொண்டே ஒரு கூடை கொட்டினார். சோப்பு வாசம் அடித்த தேயிலையைத்தான் ஒருவரும் தொடவில்லை. சோப்போடு ஒரே பெட்டியில் வைத்த புத்திசாலி நான்! நீங்களும் வீட்டில் கொஞ்சம் ரொக்கமும் உப்பும் தீப்பெட்டியும் வையுங்கள். தேயிலையைத் தள்ளி வையுங்கள்.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்புங்கள். கூடவே உங்கள் கையால் நாலு வரி எழுதுங்கள். பேத்தி எழுதித் தரும் கடிதத்தில் உங்கள் குரல் கேட்கவில்லை.

உலை கொதிக்கிறது, எழுந்திருக்க வேண்டும். மெஸ் மூடவில்லை, வேலையும் போகவில்லை. போயிருந்தால் இந்நேரம் உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பேன். என்ன செய்வது, உங்களுக்கு வாய்த்தவள் கெட்டிக்காரியாகப் போய்விட்டாள்.