கடைசி அறைப் பூட்டு

திங்கட்கிழமை காலை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான் நலம். நீ நலமா என்று, பிள்ளைகளைத் திருத்துகிற அந்த இல்லத்துக்குப் போன் செய்து கேட்டேன், நலம் என்றார்கள். அதனால் அதை உன்னிடம் மறுபடியும் கேட்கவில்லை.

முதல் மூன்று மாதம் நாம் போனில் பேசக் கூடாதாம். கடிதம் மட்டும்தான், அதுவும் ஒரே பக்கம், அதையும் அவர்கள் படித்துவிட்டுத்தான் உன்னிடம் தருவார்களாம். பெற்றோர் எப்படி எழுத வேண்டும் என்று அச்சடித்த தாள் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். வீட்டு ஞாபகம் வரும்படி எழுதக் கூடாது. செல்லப் பெயர் கூடாது. எப்போது வீட்டுக்கு வருவாய் என்ற பேச்சே கூடாது. பிள்ளை ஏதாவது குறை சொன்னால் நம்பக் கூடாது. பள்ளியில் கட்டுரை எழுதச் சொன்ன நாளெல்லாம் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டவன் நான். இத்தனை வருஷம் கழித்து வீட்டுப்பாடம் என்னைத் துரத்திப் பிடித்துவிட்டது. எழுத்தைப் பொடியாக எழுதுகிறேன், ஒரு பக்கத்துக்குள் நிறைய அடங்கும் என்று.

உன்னிடம் பொய் சொல்லிக் கூட்டிப் போனதைப் பற்றி எழுத வேண்டும். முன்கூட்டியே சொன்னால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள், ஏதாவது காரணம் சொல்லி அழைத்து வாருங்கள் என்று அவர்கள்தான் சொன்னார்கள். பெரிய கட்டடம் ஒன்றில் பூட்டு வேலை இருக்கிறது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறாயா என்று கேட்டேன். மாட்டேன் என்பாய் என்று நினைத்தேன். நீ உடனே செருப்பை மாட்டிக்கொண்டாய். அம்மா போனதிலிருந்து நீ என்னோடு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துத் திறந்து, சின்ன வயதில் சொல்வது போலவே வரிசையாகச் சொன்னாய்: அரம், குறடு, பெரிய திருப்புளி, சின்னத் திருப்புளி, சுத்தியல், கம்பி, பென்சில் தூள். பாதி வழியில் திரும்பிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி.

நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. உன்னை அலுவலக அறைக்குள் அழைத்துப் போன பிறகு, கண்காணிப்பாளர் என் பெட்டியைப் பார்த்துவிட்டு, மாடியில் கடைசி அறைப் பூட்டு ரொம்ப நாளாக மக்கர் பண்ணுகிறது, பார்க்க முடியுமா என்று கேட்டார். சாமான் அறையாம். போய்ப் பார்த்தேன். உள்ளே ஸ்பிரிங் செத்துப்போய், லீவர் தேய்ந்திருந்தது. மாற்றிப் பென்சில் தூளும் போட்டுவிட்டேன். இப்போது ஒரு விரலால் திருப்பலாம். கூலி வேண்டாம், என் பெண்ணை நல்லபடியாகப் பார்த்துக்கொண்டால் போதும் என்றேன். என் மகள் மாதிரிப் பார்த்துக்கொள்வேன் என்று கையைப் பிடித்துச் சொன்னார். பூட்டுக்காரர் பெண் என்று உனக்கு அங்கே ஒரு மரியாதை இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

பெட்டியைத் திரும்பி வரும்போது நான்தான் தூக்கி வந்தேன். வேறு விசேஷம் இல்லை. சொன்னபடி கேட்டு நட. நல்லது நடக்கும்.

அன்புடன்,
அப்பா


ஏழாவது வாரம், சனிக்கிழமை

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. தபால்காரர் கடைக்கே கொண்டுவந்து கொடுத்தார். சாவி வெட்டும் மிஷினை நிறுத்திவிட்டு அங்கேயே பிரித்தேன்.

'மதிப்பிற்குரிய தந்தைக்கு' என்று ஆரம்பித்திருந்தாய். இதற்கு முன் எனக்கு நீ எழுதியதெல்லாம் பிரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டுகள்தான். 'யப்பா, முட்டை தீந்துபோச்சு' என்று இருக்கும். மதிப்பு கூடியிருக்கிறது, சந்தோஷம். ஆனால் கொஞ்ச நேரம் யாருக்கு வந்த கடிதத்தைப் படிக்கிறோம் என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

நீ கீழ்ப்படியாமல் நடந்தவள் என்றும், உன்னை அங்கே சேர்த்ததற்கு எனக்கு நன்றி என்றும், இரண்டாம் நிலைக்கு உயர்ந்துவிட்டாய் என்றும் எழுதியிருக்கிறாய். கடைசியில் இரண்டு வரி. 'கடைசி அறையில் நான்கு நாள் தனியாக இருந்து என் தவறுகளை யோசித்தேன். பூட்டு நன்றாக வேலை செய்கிறது.'

உண்மையைச் சொல்கிறேன், படித்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பா வேலையைப் பாராட்டி எழுதியிருக்கிறாள் என்று பக்கத்து ஜெராக்ஸ் கடை அக்காவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அக்கா படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு கடிதத்தை மடித்து என் கையில் வைத்துவிட்டு, யாரோ கேட்ட பிரதியை எடுக்கப் போய்விட்டார். அந்த அக்கா பேசாமல் இருந்து நீ பார்த்திருக்கிறாயா?

அது சாமான் அறை என்றுதானே சொன்னார்கள். சாமான் அறையில் உட்கார்ந்து என்ன யோசனை? நான்கு மணி நேரத்தை நான்கு நாள் என்று எழுதிவிட்டாயோ? கூட யாராவது இருந்தார்களா? கதவு திறந்திருந்ததா? இப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்று அந்தத் தாளில் போட்டிருக்கிறது. கேட்டுவிட்டேன். பெற்றவன் கேட்காமல் வேறு யார் கேட்பது?

வீட்டில் எல்லாம் அப்படியே இருக்கிறது. இரண்டு தட்டு எடுத்து வைப்பதும், ஒன்றை மறுபடி உள்ளே வைப்பதும் பழகிவிட்டது. உடனே பதில் எழுது.

அன்புடன்,
அப்பா


பதினோராவது வாரம், வியாழக்கிழமை

சாவிக்குட்டி,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை. நாளை உன் கையில் நேராகக் கொடுப்பேன். அதனால் செல்லப் பெயருக்குத் தடை இல்லை, எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதலாம். நேரில் பேசினால் எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியும். அம்மா போன அன்றும் நான் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

போன கடிதம் உனக்கு வந்திருக்காது. என் கேள்விகளுக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூடவே ஒரு சீட்டு: 'விதிமீறல். ஒரு மாதம் கடிதம் நிறுத்தப்படுகிறது.' போன் செய்தேன். எல்லாப் பெற்றோருக்கும் இரண்டாவது, மூன்றாவது மாதத்தில் இந்தப் பலவீனம் வரும், அதற்கென்றே தனிப் பிரசுரம் வைத்திருக்கிறோம், அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். அனுப்புங்கள் என்றேன். அவ்வளவு கோழை உன் அப்பா.

போன செவ்வாய்க்கிழமை ஓர் அம்மா கடைக்கு வந்தார். வீட்டில் இருக்கிற தாழ்ப்பாளையெல்லாம் கழற்ற வேண்டும் என்றார். குளியலறை, சமையலறை, ஒன்றுகூட விடக் கூடாதாம். பூட்டுப் போடத்தான் என்னைக் கூப்பிடுவார்கள், கழற்றக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

அங்கே உன் வயதில் ஒரு பெண். குளியலறைக் கதவு விரியத் திறந்துதான் இருந்தது. அதன் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அவள் அம்மா சமையலறையிலிருந்து, 'போம்மா, போலாம்' என்ற பிறகுதான் காலை எடுத்து வைத்தாள். உன் இல்லத்தில் ஒன்றரை வருஷம் இருந்துவிட்டு இரண்டு வாரத்துக்கு முன்தான் வந்திருக்கிறாள் என்று அவள் அம்மா சொன்னார்.

நான் கழற்றக் கழற்ற அவள் தாழ்ப்பாள்களை வாங்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டே வந்தாள். கடைசி அறை என்று ஒன்று இருக்கிறதாமே என்று மெல்லக் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 'முன்னாடி அந்தப் பூட்டு பாதி நாள் பூட்டவே பூட்டாது அங்கிள். கதவை ஒருக்களிச்சு வெச்சிட்டு, காவலுக்கு ஒரு அக்காவ உக்கார வெப்பாங்க. அந்தக்கா நல்லவங்க. மெதுவா ஏதாவது பேசிட்டே இருப்பாங்க. அப்புறம் யாரோ ஒரு பொண்ணோட அப்பா வந்து பூட்ட சரி பண்ணிட்டுப் போயிட்டாராம். அதுக்கப்புறம் அக்கா தேவைப்படல.'

திருப்புளி என் கையில்தான் இருந்தது. எந்தப் பக்கம் திருப்புவது என்று மறந்துபோய்விட்டது.

அவளே மேலும் சொன்னாள். அவள் வெளியே வருவதற்கு முன், கடைசி அறையில் புதிதாக ஒரு பெண்ணைப் போட்டிருந்தார்களாம். பக்கத்து அறையில் இருந்தவர்களுக்குச் சுவர் வழியாகக் குரல் கேட்குமாம். அழுகை இல்லை, பாட்டு இல்லை. ஏதோ சாமான் பெயர்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பாளாம். என்ன சாமான் என்று கேட்டேன். 'அரம், குறடு, பெரிய திருப்புளி, சின்னத் திருப்புளி... அப்புறம் சுத்தியல்னு நினைக்கிறேன் அங்கிள். எங்களுக்கே மனப்பாடம் ஆயிடுச்சு' என்றாள்.

தான் பேசிக்கொண்டிருப்பது உன் அப்பாவிடம்தான் என்று அவளுக்குத் தெரியாது. நான்தான் என்று சொல்ல என்னால் முடியவில்லை. மிச்சத் தாழ்ப்பாள்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். தெருவில் ஒரு பூட்டிய கடைப் படியில் உட்கார்ந்து அழுதேன். பார்த்தவர்கள் பார்க்கட்டும் என்று அழுதேன்.

எனக்கு எதுவும் தெரியாது என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். முப்பது வருஷமாக இதே தொழில் செய்கிறவன். அந்தக் கதவைப் பார்த்தபோதே என் கண் பார்த்துவிட்டது. உட்பக்கம் கைப்பிடி இல்லை. சாவித் துவாரத்தை உள்ளே தகடு வைத்து அடைத்திருந்தார்கள். நெஞ்சு உயரத்தில் வர்ணம் சுரண்டியிருந்தது. எந்தச் சாமான் கதவைச் சுரண்டும்? கண் பார்த்ததை நான் உள்ளே விடவில்லை. அந்தக் கண்காணிப்பாளர் என் தொழிலைப் புகழ்ந்தார், எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பூட்டு திரும்பிய சத்தத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தேன்.

இதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. அம்மா போய் நாலைந்து மாதம் இருக்கும். நீ பள்ளிக்குப் போகாமல் அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கிடந்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்வரை திறக்கவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் மற்ற அப்பாக்கள் கதவைத் தட்டுவார்கள், பெயர் சொல்லிக் கத்துவார்கள். நான் பெட்டியைத் திறந்து கம்பியை எடுத்தேன். அரை நிமிஷத்தில் திறந்துவிட்டேன். நீ சுவரோரம் அம்மாவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். 'கூப்பிட்டிருந்தா நானே திறந்திருப்பேனே யப்பா' என்றாய். அதற்கு நான் என்ன செய்தேன்? உன் கண்ணெதிரிலேயே அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் நீ வெளியே சுற்ற ஆரம்பித்தாய். எதிர்த்துப் பேசினாய், போனைச் சுவரில் எறிந்தாய். நான் போவோர் வருவோரிடமெல்லாம் புலம்பினேன். காருக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டிக்கொண்ட ஒரு கோட்டுக்காரர், நான் காரைத் திறக்கும்வரை என் புலம்பலைக் கேட்டுவிட்டு, இந்த இல்லத்தின் விளம்பரத் தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

உனக்கு வியாதி ஒன்றும் இல்லை சாவிக்குட்டி. உனக்கு அம்மா இல்லை, அவ்வளவுதான். எனக்கும் அவள் இல்லை. ஒரே வீட்டில் ஆளுக்கு ஒரு மூலையில் தனியாக இருந்தோம். பக்கத்தில் வந்து உட்காரத் தெரியாமல் உன்னை இன்னும் தூரத்துக்கு அனுப்பிவிட்டேன். உன்னைத் திருத்துவதாக நினைத்தேன். திருத்தியது பூட்டைத்தான்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஜெராக்ஸ் கடை அக்காவும் என்னோடு வருகிறார். நான் கையெழுத்துப் போட்ட தாளையெல்லாம் அவர் பிரதி எடுக்கும்போதே வரி வரியாகப் படித்துவிட்டார். ஒரு வருஷம் என்று போட்டிருந்தாலும், பெற்றவன் வந்து கேட்டால் பிள்ளையை அனுப்பித்தான் ஆக வேண்டுமாம். 'நீ வாயைத் தொறக்காத தம்பி, எல்லாம் நான் பேசிக்கறேன்' என்கிறார். பேசட்டும். தாழ்ப்பாள் கழற்றிய வீட்டுக்கு மறுநாளே திரும்பிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்; அந்தப் பெண்ணின் அம்மாவும் நானும் சேர்ந்து குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டோம். அந்த அறையில் இன்னொரு பிள்ளை உட்காரக் கூடாது. நான் பூட்டிய பூட்டைத் திறக்க எத்தனை நாள் ஆகுமோ தெரியாது, விடப் போவதில்லை.

இன்று கடை திறக்கவில்லை. உன் அறைக் கதவில் பழைய திருகாணி ஓட்டைகள் பெரிதாகியிருந்தன. தீக்குச்சியும் பசையும் வைத்து அடைத்து, அதே தாழ்ப்பாளை அதே இடத்தில் போட்டுவிட்டேன். உட்பக்கம் மட்டும். வெளியே பூட்டும் இல்லை, அன்று கம்பி நுழைந்த துவாரத்தையும் அடைத்துவிட்டேன். என் கம்பிக்கு அங்கே வேலை கிடையாது.

நீ வந்ததும் நேராக உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாலும் போட்டுக்கொள். ஒரு நாளோ, ஒரு மாதமோ. நான் வெளியே உட்கார்ந்து கூப்பிடுவேன். சாப்பிடக் கூப்பிடுவேன், சும்மாவும் கூப்பிடுவேன். திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம்.

நாளை பெட்டி இல்லாமல் வருகிறேன். இந்தத் தடவை எந்த வேலையும் இருப்பதாகச் சொல்ல மாட்டேன், உன்னைக் கூட்டிப் போகத்தான் வந்திருப்பேன். நீ நன்றாக இருக்க வேண்டும், என் ஆயுசையும் சேர்த்து இருக்க வேண்டும். என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டே வா. பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டு வா. என் மேல் கோபமாகவே வா. ஆனால் வந்துவிடு.

வாசலில் நின்று கூப்பிடும்
யப்பா