திருப்பி மாட்டிய காலண்டர்

அக்டோபர் 7, 2025 – செவ்வாய்

ஸ்கூட்டி ரிப்பேர். மன்னார்புரத்தில் பஸ் கிடைக்காமல் ஆபீஸுக்கு இருபது நிமிடம் லேட். கம்ப்யூட்டரைத் திறந்தால் டாஷ்போர்டு முழுக்கப் பச்சை. அறுபத்துநாலு வீடு, நூற்றுக்கு நூறு.

நர்ஸ்களுக்கு நோட்டுக்குப் பதில் டேப்லெட் கொடுத்து ஐந்து வாரம்தான் ஆகிறது. ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கும் வயதானவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற எங்கள் டிரஸ்டின் ஆறு நர்ஸ்களில் நாலு பேருக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பவே தடுமாற்றம். அவர்கள் ஒரு கட்டத்தைக்கூட விடாமல் நிரப்புகிறார்களாம்.

செயலாளர் பீமராவ் சாருக்கு ஒரே சந்தோஷம். "பதினாலு வருஷம் நோட்டோட மாரடிச்சோம் பானுப்ரியா. அஞ்சே வாரத்துல மாத்திட்டீங்களே!"

சிரித்துவைத்தேன். இத்தனை சுத்தமாக எது இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. இருபது வருடம் ஆஸ்பத்திரி ரெக்கார்டு செக்‌ஷனில் உட்கார்ந்த புத்தி.

அக்டோபர் 9

நான் நுழைந்ததும் டீ ரூமில் பேச்சு நின்றது. இந்த வாரத்தில் மூன்றாவது தடவை.

அக்டோபர் 14 – செவ்வாய்

லூர்துராணி படிக்கட்டில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். "மாமி, மேடம் திடீர்னு வந்தாலும் வருவாங்க. அதைத் திருப்பி மாட்டிடுங்க, மறந்துடாதீங்க." என்னைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டார்.

நர்ஸ்களில் அவர்தான் சீனியர். டிரஸ்ட் தொடங்கிய நாளிலிருந்து பொன்மலையிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறார். மற்றவர்களுக்கு டேப்பைப் பழக்கியதும் அவர்தான். நான் இரண்டு நாள் வகுப்பெடுத்தும் புரியாதது, அவர் அரை மணி நேரம் சொன்னதில் எப்படிப் புரிந்தது? அப்படி என்னதான் சொல்லிக்கொடுத்தார்?

எதைத் திருப்பி மாட்ட வேண்டும்?

அக்டோபர் 23 – வியாழன்

யாரிடமும் சொல்லாமல் கிளம்பி வேதவல்லி மாமி வீட்டுக்குப் போனேன். வடக்கு உத்திர வீதி. எண்பத்தொரு வயது. பக்கவாதம் வந்து தேறியவர். ஒரே மகன் மெல்பர்னில். பிபி ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே எங்கள் வேலை.

"லூர்துராணி தினம் வராங்களா மாமி?"

"வராளே. ஏன் கேக்கறேள்?"

"பிபி பாக்கறாங்களா?"

"எல்லாம் பாக்கறா." என் கைப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். முகத்தைப் பார்க்கவில்லை.

சுவரில் மாதக் காலண்டர் முதுகைக் காட்டித் தொங்கியது. கையை நீட்டினேன். "அதைத் தொடாதேங்கோ, ஆணி ஆடறது" என்றார், சட்டென்று.

ஆணி ஆடவில்லை. ஆனால் ஒரு வயதானவர் வீட்டுச் சுவரைச் சோதனை போடவா போனேன்? வந்துவிட்டேன். நர்ஸும் நோயாளியும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள். என்னிடமிருந்துதான்.

அக்டோபர் 30 – வியாழன்

இந்த மாதப் பதிவுகளை வீடு வீடாகப் பிரித்துப் பார்த்தேன். 120/80. லூர்துராணியின் வீடுகளில் மட்டும் முப்பத்தொன்பது தடவை. மனித உடம்பு இப்படி அச்சு மாதிரி காட்டாது. போகாத வீட்டுக்குப் போனதாகப் போடுகிறார்.

இதற்காகத்தானே சாஃப்ட்வேர் கம்பெனியிடம் முதலிலேயே அடித்துச் சொன்னேன்? பிபி எண்ணைப் போடாமல் டேப்பில் ஒரு வீட்டின் பதிவை மூட முடியக் கூடாது, ஒரு வீட்டை மூடாமல் அடுத்த வீடு திறக்கக் கூடாது என்று. அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்.

பீமராவ் சாருக்கு மெயில் அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு நாலு தடவை படித்தேன். தப்பில்லை.

நவம்பர் 5 – புதன்

விசாரணை முடியும்வரை லூர்துராணி வேலைக்கு வரக் கூடாது என்று ஆர்டர். சண்டை போடுவார் என்று நினைத்தேன். டேப்பைக் கர்ச்சீப்பால் துடைத்து என் மேஜையில் வைத்தார். "சார்ஜ் எண்பது பர்சன்ட் இருக்கு மேடம்." அவ்வளவுதான்.

தப்பு செய்யாதவர் இப்படியா போவார்? செய்தவர்தான் இப்படிப் போவாரா?

நவம்பர் 15 – சனி

வரிசையாக எழுதுகிறேன்.

பத்து நாளாக மற்றவர்கள் மாற்றி மாற்றிப் பார்த்த லூர்துராணியின் வீடுகளுக்கு இன்று ஆள் இல்லை. ஊசி, கட்டு உள்ள வீடுகளை இன்னொரு நர்ஸ் சுராயா எடுத்துக்கொண்டாள். பிபி, சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிற பதிமூன்று வீடுகளுக்கு நானே போகிறேன் என்றேன். மிஷின்தானே பார்க்கிறது.

முதல் வீடு வேதவல்லி மாமி. பிபி பட்டையைப் பிரித்துக்கொண்டு கிட்டே போனேன்.

"மேல படாதேங்கோ, மடியா இருக்கேன். இன்னிக்கு ஏகாதசி வேற. பெருமாளுக்கு இன்னும் கண்டருளப் பண்ணலை." நைவேத்தியம் ஆகும்வரை யாரும் தொடக் கூடாதாம்.

"எவ்வளவு நேரம் ஆகும் மாமி?"

"ஆகும். லூர்து இப்படிப் பறக்கமாட்டா."

மாத்திரையைத் தட்டில் வைத்தேன். எடுத்துப் போட்டுக்கொண்டார். டேப்பில் பிபி கட்டம் சிவப்பாக நின்றது. 'எடுக்கவில்லை' என்று எழுதிப் பார்த்தேன். எண் மட்டும்தான் வாங்குகிறது. பின்னால் போகவும் முடியவில்லை, அடுத்த வீட்டைத் திறக்கவும் முடியவில்லை. அங்கே ஒருவர் சர்க்கரை பார்த்துவிட்டுச் சாப்பிடலாம் என்று பசியோடு உட்கார்ந்திருக்கிறார். போன் வேறு அடிக்கிறார்.

120/80 என்று அடித்தேன்.

பச்சை.

யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. என் விரல் தானாகவே போனது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்போ வேணா அதைத் திருப்பிப் பாருங்கோ."

அக்டோபர் தாளைக் கிழிக்காமல் மடித்துவிட்டிருந்தார். ஒவ்வொரு தேதியிலும் லூர்துராணியின் பொடி எழுத்து. 12: 152/90. 13: மடி, எடுக்கல, மாத்திரை போட்டாங்க. 14: 158/94. 15: மடி, எடுக்கல. 16: 162/94. ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியதோ என்று அப்போதும் பார்த்தேன். பார்த்தேனே! நீல மை, கறுப்பு மை, ஒருநாள் கண் மை.

டிரஸ்ட் தொடங்கியதிலிருந்தே இப்படித்தானாம். நோட்டு ஆபீஸில் இருக்கும், எனவே மறுநாள் வருகிற நர்ஸுக்கும் போனில் கேட்கிற பிள்ளைக்கும் தெரியட்டும் என்று காலண்டரில் குறிப்பார்களாம். டேப் வந்ததும் நான்தான் ஆர்டர் போட்டேன். இனி ஒரு காகிதத்திலும் எழுதக் கூடாது, எழுதினால் மெமோ. அதனால் திருப்பி மாட்டினார்கள்.

13, 15 இரண்டும் டேப்பில் 120/80. டேப்பைப் பார்த்துத்தான் டாக்டர் "நடுநடுவுல நார்மலாத்தானே இருக்கு" என்று மாத்திரையைக் கூட்டாமல் விட்டார். மாமிக்கு ஏறிக்கொண்டே போயிருக்கிறது.

தெருவிலேயே நின்று டாக்டருக்குப் போன் செய்தேன். சாயங்காலமே வந்து பார்த்து மாத்திரையை மாற்றிவிட்டார்.

நவம்பர் 16 – ஞாயிறு

பொன்மலை. லூர்துராணி சர்ச்சில் பூசை முடிந்து வந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். "வாங்க மேடம்" என்றார். கை கழுவ எழுந்திருக்கவில்லை.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"முதல் வாரமே கேட்டேனே மேடம், எடுக்க முடியலன்னா என்ன போடறதுன்னு. போகாதவங்க சொல்ற சாக்கு அதுன்னீங்க."

எனக்கு ஞாபகமே இல்லை.

"ஆனா நான் பண்ணதும் தப்புதான். டாக்டர் அதைத்தான் பாப்பாருன்னு தெரிஞ்சேதான் போட்டேன். மத்த வீடு காத்துக்கிட்டிருக்கே, என்ன பண்ணச் சொல்றீங்க?" மீன் மேல் கத்தி நின்றது. "மாமிக்கு எப்படி இருக்கு?"

சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். மீனைப் புரட்டிப்போட்டு மறுபடி ஆயத் தொடங்கினார். கிளம்பும்போது, "ஹெல்மெட் போட்டுக்கிட்டுப் போங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து இதே டைரியைப் புரட்டினேன். செப்டம்பர் 4: 'லூர்துராணி ஏதோ கேட்டார். சாக்கு.' அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

நவம்பர் 24 – திங்கள்

மெயிலை வாபஸ் வாங்கிவிட்டேன். டேப்பில் 'எடுக்க முடியவில்லை, காரணம்' என்று ஒரு கட்டம் வந்துவிட்டது. காலண்டரில் எழுதலாம் என்று சர்க்குலரும் போட்டாயிற்று.

மீட்டிங்கில் பீமராவ் சார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நூறுல இருந்து அறுபத்தொண்ணா? இதை எப்படிங்க வெளியில காட்டறது?"

"இதுதான் நிஜம் சார்."

"அப்ப அந்த நூறு?"

"நான் அடிக்க வச்சது."

பேனாவை மூடினார். இனி நான் காட்டுவதையெல்லாம் இரண்டு தடவை பார்ப்பார். பார்க்கட்டும். லூர்துராணி ஒன்றாம் தேதியிலிருந்து வரலாம் என்று மறுபடி பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

டிசம்பர் 3

லூர்துராணி வந்துவிட்டார். நான் நுழைந்தால் டீ ரூமில் பேச்சு இன்னும் நிற்கிறது.

டிசம்பர் 11 – வியாழன்

சொல்லாமல்தான் போனேன். பழக்கம்.

வேதவல்லி மாமி வீட்டில் காலண்டர் நேராகத் தொங்கியது. இன்றைய கட்டத்தில் பொடி எழுத்து: 'மடி, எடுக்கல. சாயங்காலம் வரேன்.'

டேப்பிலும் அதையேதான் போட்டிருக்கிறாரா என்று ஆபீஸ் போனதும் பார்க்க நினைத்தேன். பார்க்கவில்லை.