செவ்வாயில் ஒரு பனைமரம்

தூத்துக்குடி
4 ஜூலை 2025

கர்த்தருக்குள் இன்னமும் பிரியமான அத்தானுக்கு,

வாட்ஸ்அப்பில் நான் எழுதுவதற்கெல்லாம் கட்டைவிரல் மட்டுமே பதிலாக வருவதால் தபாலில் எழுதுகிறேன். தபாலில் கட்டைவிரல் அனுப்ப வசதி கிடையாது.

நீங்கள் வசனம் எழுதிய விண்வெளித் தொடரை முழுவதும் பார்த்துவிட்டேன். காற்றே இல்லாத வெளியில் கப்பல் பெருஞ்சத்தத்தோடு வெடிக்கிறது. பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள் என்றாலும் அதை மன்னிக்கிறேன். எல்லாப் படத்திலும் அப்படித்தான். ஒரு கிரகம் முழுவதும் பனி, இன்னொன்று முழுவதும் மணல் என்பதையும் மன்னிக்கிறேன். ஆயிரம் வருஷம் கழித்தும் கேப்டனுக்குக் காபி போடுவது பெண்குரல் கொண்ட ரோபோதான். அது கற்பனையே இல்லை, வீட்டு நடப்பு.

ஆனால் அந்த ரோபோ, "அத்தான், ஆக்சிஜன் போட்டியளா? வெறும் மூக்கோட எங்கன போறிய?" என்கிறது. நீங்கள் சென்னைக்கு ரயிலேறும் ஒவ்வொரு முறையும் "சாப்பிட்டியளா? வெறும் வயித்தோட எங்கன போறிய?" என்று கேட்பவள் நான். வேற்றுக்கிரகத்தான்கூட இங்கிலீஷ் பேசுகிறான். சிரிப்புக்கு மட்டும் என் பேச்சா? வீட்டுக்கார ஜெயஷீலா அக்கா, "ஏளா, இது நீ பேசுத மாதிரில்லா இருக்கு?" என்றாள். நான் வகுப்பில் நுழைந்ததும் பின்பெஞ்சிலிருந்து "டீச்சர், ஆக்சிஜன் போட்டியளா?" என்று குரல் வருகிறது.

ஒரு பிழையும் இருக்கிறது. கேப்டன் மனைவியிடம் "போறேன்" என்று சொல்லிக் கிளம்புகிறான். நம் ஊரில் தெருமுனைக் கடைக்குப் போகிறவனும் "வாரேன்" என்றுதான் சொல்வான். "போறேன்" என்பது திரும்பி வராதவன் சொல்வது. செவ்வாய்க்கே போனாலும் "வாரேன்"தான்.

தொடரில் செவ்வாய் என்று காட்டும் இடத்தின் ஓரத்தில் ஒரு பனைமரம் நிற்கிறது. அது சாத்தான்குளம் பக்கத்துத் தேரி. அந்தச் செம்மணலில் பிறந்தவளை ஏமாற்ற முடியாது. படப்பிடிப்புக்கு நீங்களும் வந்தீர்களா? ஒரே பஸ்ஸில் வீட்டுக்கு வந்திருக்கலாமே?

அடுத்த மாதம் கோயிலில் அசனம். ஊரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும்போது என் பக்கத்து இலையில் நீங்கள் இருக்க வேண்டும். ரோபோவின் வாயிலிருந்து என் பேச்சை எடுத்துவிட வேண்டும். இரண்டே கோரிக்கைகள்.

அனிஷா


சென்னை
19 ஜூலை 2025

அன்பு அனிஷா,

பேனா பிடித்து வெகுகாலமாயிற்று. கை வலிக்கிறது, ஆகவே சுருக்கமாக.

தொடரிலேயே எல்லோருக்கும் பிடித்தது ரோபோதான். நீ பெருமைப்பட வேண்டிய விஷயத்துக்குக் கோபப்படுகிறாய். பனைமரத்தைக் கம்ப்யூட்டரில் அழிக்கச் சொல்லியிருந்தேன். எடிட்டர் நேசக்குமார் மறந்துவிட்டான். தேரிக்கு வந்தது உண்மைதான். வீட்டுக்கு வந்தால் சாப்பிடச் சொல்வாய், தங்கச் சொல்வாய். யூனிட் காத்திருக்குமா?

போறேன், வாரேன், இரண்டும் மூன்றெழுத்து. யார் கவனிக்கப் போகிறார்கள்?

அசனத்துக்கு வர முடியாது. இரண்டாம் பாகம் தொடங்குகிறது. அதில் ரோபோவுக்குக் கோபம் வந்து கேப்டனை விட்டு விலகும் காட்சி இருக்கிறது. வசனம் வரவே மாட்டேன் என்கிறது. ரொம்பக் கோபம் வந்தால் நீ என்ன சொல்வாய்? உன் வாயில் வருகிற மாதிரியே எழுதி அனுப்பு. தொடரின் முடிவில் வரும் நன்றி அட்டையில் உன் பெயரைப் போடச் சொல்கிறேன்.

ஷாம்


தூத்துக்குடி
30 ஆகஸ்ட் 2025

ஷாம் அவர்களுக்கு,

அசனம் நன்றாக நடந்தது. எஸ்றா மாமா, "மாப்ள வரலியா?" என்று கேட்டார். "செவ்வாயில இருக்காவ" என்றேன். "அது துபாய்க்கு அந்தப் பக்கமா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உங்கள் இலையில் ஜெயஷீலா அக்கா உட்கார்ந்தாள்.

வசனம் கேட்டிருந்தீர்கள். திட்டுவது எனக்கு நன்றாகவே வரும். இரண்டாம் பாகத்துக்குப் போக மூன்றாம் பாகத்துக்கும் மிஞ்சும். ஆனால் அதையும் பின்பெஞ்சு சொல்லிச் சிரிக்கும்.

சாத்தான்குளத்துக்கு மாற்றல் வாங்கிவிட்டேன். இந்த வீட்டைக் காலி செய்தாயிற்று. உங்கள் சாமான்கள் பெட்டியில், சாவி ஜெயஷீலா அக்காவிடம். அடுத்த முறை செவ்வாய்க்கு வந்தால் பனைமரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

கிளம்பும்போது அக்கா வாசலை மறித்து, "ஏளா, வாரேன்னு சொல்லிட்டுப் போ" என்றாள். அவளிடம் அப்படியே சொன்னேன்.

உங்களுக்கு உரிய வசனம் கீழே இருக்கிறது. மூன்றெழுத்துதான். ரோபோவுக்கும் பொருந்தும். திருத்த வேண்டாம், என் பெயரும் போட வேண்டாம்.

போறேன்.

அனிஷா