உன் அம்மை மாட்டிய வண்டி

இன்று காலையில் வத்தல் மிளகாய் தேடி அடுக்களையின் மேல்தட்டிலிருந்து ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவை இறக்கினேன். மூடியில் உன் கையெழுத்து. கறுப்பு மார்க்கரில் அழுத்தி எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தாய்: ‘கார்புரேட்டர். தொட்டா கை இருக்காது.’ என் அம்மா அதை எத்தனையோ தடவை தேய்த்துப் பார்த்துவிட்டாள், போகவில்லை. அடுப்பில் எண்ணெய் புகையத் தொடங்கும் வரை அந்த மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ போன பிறகு நடந்தது. பலமுறை எழுதத் தொடங்கிக் கிழித்துவிட்டேன். நான் கிழித்த தாள்களை எண்ணினால் நீ சிரிப்பாய். “ஒரு கடுதாசிக்கு இவ்வளவு யோசிப்பியா? வண்டிய ஸ்டார்ட் பண்ணணும்னா கிக்கர மிதிக்கணும் ஏட்டி” என்பாய். மிதிக்கிறேன்.

நான் முதன்முதலாகத் தோப்புக்கு வந்த நாளை நீ மறந்திருக்கமாட்டாய். ராஜாக்கமங்கலம் போகும் வழியில் செல்வின் அண்ணனின் தென்னந்தோப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்து, சாப்பாடும் முடிந்து, பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்கள் அங்கே கூடுவார்கள் என்று கேள்விப்பட்டு, நின்றுபோன என் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். கல்லூரி நூலகத்தில் நாள் முழுக்கப் பேசாமல் இருக்கச் சம்பளம் வாங்குகிறவள் நான். அங்கே வந்தும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. செல்வின் அண்ணன் மஸ்கட்டில் பதினொரு வருடம் ஏசி வேலை பார்த்தவர், மௌனம் அவருக்கு ஆகாது. வண்டியைக் கண்டதும் குந்தி உட்கார்ந்து பிளக்கில் ஸ்பேனரை வைத்துவிட்டார். தோவாளையில் பூக்கடை வைத்திருக்கும் சுயம்பு, கையில் பிச்சிப்பூ மணத்தோடு டார்ச் அடித்தான்.

அப்போதுதான் நீ தென்னை மூட்டிலிருந்து எழுந்து வந்தாய். இரவுப் பணி முடித்த நர்ஸின் கண்கள்.

“அண்ணா, ஸ்பேனர அவ கையில குடுங்க. அவளுக்க வண்டி.”

“பிள்ள இப்பந்தான் வந்திருக்கு, நான் ஒரு நிமிசத்துல—”

“நாளைக்கு அவ நடுரோட்டுல நிக்கும்போ உங்களக் கூப்பிட்டா மஸ்கட்டுல இருந்து வருவியளா?”

பிளக்கைக் கழற்ற எனக்கு இருபது நிமிடம் ஆயிற்று. நீ ஒரு விரலும் உதவவில்லை. “முறுக்காத ஏட்டி, கழட்டு. அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாய். அன்றைக்கு அது தோப்பின் சட்டமாயிற்று. டார்ச் அடிக்கலாம், சாமான் கொடுக்கலாம், யோசனை சொல்லலாம், வாய் நிறையத் திட்டலாம். ஸ்பேனர் வண்டிக்காரர் கையில்தான். செல்வின் அண்ணனுக்கு இது பெரிய தண்டனை. கை தானாக நீளாமலிருக்க இரண்டு உள்ளங்கைகளின் மேலும் உட்கார்ந்துகொள்வார்.

மூன்று வருடம் அப்படிப் போயிற்று. யாருக்கு பிஸ்டன் ரிங் கிடைக்கவில்லை என்றாலும் மார்த்தாண்டம் முதல் வள்ளியூர் வரை நாலு பேரும் விசாரிப்போம். சுயம்புவின் பூக்கூடையில் ஒருமுறை கிளட்ச் பிளேட்டும் அரளிப்பூவும் ஒன்றாக வந்தன. நான் மெல்லமெல்ல வாய் திறந்து பேசியது அந்தத் தோப்பில்தான். அதுவும் பெரும்பாலும் உன்னிடம்.

உன் வண்டியின் எஞ்சினைப் பிரித்து, பிளாக்கை லேத்தில் கொடுத்து உள்துளையைக் கடைந்து வாங்கி, புது பிஸ்டனும் வாங்கி வைத்த வாரத்தில் காய்ச்சல் என்று படுத்தாய். அது வெறும் காய்ச்சல் இல்லையென்று எங்களுக்குத் தெரிய ஒரு மாதம் ஆயிற்று. உனக்கு முன்பே தெரிந்திருக்கும். உன்னிடம் கேட்கும் தைரியம் எனக்கு இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் நீ கேட்டாய்.

“ஏட்டி, எனக்க வண்டிய நீ மாட்டிரு. டப்பால எல்லாம் எழுதி வச்சிருக்கேன்.”

“மாட்டேன். ஒனக்க வண்டி. எழும்பி வந்து நீ மாட்டு.”

“நான் போட்ட சட்டத்த எனக்கே திருப்புதியா, சவமே?”

சிரித்தாய், இருமினாய், மறுபடி சிரித்தாய். உனக்கு இங்கே ஒரு வேலை பாக்கி இருக்கும்வரை நீ போகமாட்டாய் என்று நான் நம்பினேன். இவ்வளவு புத்தகம் படித்தவள் இப்படி நம்பலாமா என்று கேட்காதே. பதினொரு நாளில் நீ போய்விட்டாய். நீ என்னிடம் கடைசியாகக் கேட்டதற்கு நான் சொன்ன பதில் ‘மாட்டேன்.’

ஐந்து மாதம் நான் தோப்புக்குப் போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை உன் அம்மை போன் செய்தார்.

“மக்களே, திங்கக்கிழமை ஆக்கர்காரன் வாரான். அவளுக்க வண்டியத் தூக்கிக் குடுக்கப்போறேன். நடை இறங்கும்போ எல்லாம் அந்த டப்பாவளப் பாக்க முடியல்ல. ஒங்களுக்கு ஏதாவது சாமான் வேணுமெங்கில் வந்து எடுத்துக்கோங்க.”

ஆக்கர் கடைக்குப் பழைய இரும்பாக, எடை போட்டு, உன் வண்டி. செல்வின் அண்ணனையும் சுயம்புவையும் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். ஷெட்டில் எஞ்சின் பாதியில்லாமல் நின்றது வண்டி. பக்கத்தில் ஒன்பது டப்பா, வரிசையாக. செல்வின் அண்ணன் கார்புரேட்டர் டப்பாவைக் கையில் எடுத்தார். அந்த மாடலுக்கு அது இப்போது எங்கேயும் கிடைக்காது, அவருக்கு அதன்மேல் எப்போதும் ஒரு கண். மூடியை வாசித்தார். திருப்பி வைத்துவிட்டார்.

“போன பெறவும் மிரட்டுதா பாரு.”

சுயம்பு மெதுவாகச் சொன்னான். “அண்ணே, சாயங்காலத்துக்குள்ள நாமளே மாட்டி ஓடவச்சிட்டா, அம்மைக்கு மனசு மாறாதா?”

“ஆரு மாட்ட? ஆருக்க வண்டி அது? அவ இல்லைன்னதும் சட்டமும் இல்லியா?”

மூன்று பேரும் நின்றோம். வண்டிக்காரி இல்லாத வண்டியில் யார் ஸ்பேனர் வைப்பது? உன் அம்மை தட்டில் சாயா கொண்டு வந்தார். உன்னைத் தவிர யாரிடமும் நானாக ஒன்றைக் கேட்டதில்லை. ஆனால் இன்னொரு முறை வாயை மூடிக்கொண்டு நின்றால் மறுநாள் ஆக்கர்காரன் வந்துவிடுவான்.

“அம்மா, வண்டி இப்பம் உங்களுக்கதுதான். நீங்க மாட்டுங்க. நாங்க சொல்லித் தாரோம்.”

“பைத்தியமா பிள்ளே? எனக்கு சைக்கிளே தெரியாது.”

“ஓட்டாண்டாம். மாட்டினா போதும். நாளைக்கு ஆக்கர்காரனுக்குத்தான் குடுப்பியன்னாலும் முழுசாட்டு குடுங்க.”

அவர் என்னையே பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். உள்ளே போய், தையல் மிஷின் முன்னால் போட்டு உட்காரும் முக்காலியை எடுத்து வந்து வண்டிக்கு அருகில் போட்டார். சேலை முந்தியை இடுப்பில் செருகினார்.

“எந்த டப்பா முதல்ல?”

முப்பது வருடம் ஜாக்கெட் தைத்த கை அது. பிஸ்டனைத் திருப்பிப் பார்த்து, ரிங் உட்காரும் பள்ளத்தில் இருக்கும் சின்ன ஆணியைத் தொட்டு, “இது ரிங்கு சுத்தாம இருக்கவா?” என்று கேட்டபோது செல்வின் அண்ணன் வாயைப் பிளந்தார். எஞ்சின் தலைப்பகுதியின் நாலு நட்டையும் ஒவ்வொன்றாக முறுக்கி முடிக்கக் கூடாது, எதிர் எதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும் என்று அவர் விளக்கத் தொடங்கினார். “தெரியும், தெரியும். காலர் பிடிப்பிக்கும்போ இப்படித்தான். ஒரு பக்கமா இழுத்தா சுருங்கிப் போவும்” என்று உன் அம்மை முடித்துவிட்டார். செல்வின் அண்ணன் தன் கைகளின் மேல் உட்கார்ந்தார்.

கடைசியில் எஞ்சின் தீப்பொறியின் நேரத்தைச் சரிசெய்யும் தகடு. சுயம்பு வண்டிக்கு அந்தப் பக்கம் டார்ச்சோடு இருந்தான். “கொஞ்சம் இப்படித் திருப்புங்கம்மா” என்று கையைக் காட்டினான். அவர் அவன் கை போன பக்கம் திருப்பி இறுக்கினார். எதிரே இருப்பவன் காட்டும் கை நமக்கு மாறிவரும் என்பது எங்கள் மூவருக்கும் தோன்றவில்லை. தொடாமல் சொல்லிக்கொடுப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை.

பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றினோம். உன் அம்மை கிக்கரை மிதித்தார். பத்துப் பன்னிரண்டு மிதிக்கு ஒன்றுமில்லை. அடுத்த மிதிக்கு வண்டி ஒரு உதை உதைத்துவிட்டுப் பிடித்துக்கொண்டது. டப டப டபவென்று ஷெட் முழுக்க நீலப் புகை. சுயம்பு கூவினான். அம்மை அழவில்லை, வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

“ஓட்டாண்டாம்னுதானம்மா சொன்னேன்” என்றேன்.

“எனக்க வண்டின்னு நீதான சொன்ன? கிளட்சு எது?”

கிளட்சைப் பிடித்து, முதல் கியர் போட்டு, பையப் பைய விடச் சொன்னோம். விட்டார். வண்டி பின்னால் போயிற்று. பின்னால் நின்ற செல்வின் அண்ணன் “ஏ மக்கா!” என்று கத்திக்கொண்டு வாழை மூட்டில் மல்லாந்து விழுந்தார். எஞ்சின் அணைந்தது.

தீப்பொறி நேரம் தப்பி, மிதியும் மெதுவாக விழுந்தால் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எதிர்ப்பக்கமாகச் சுற்றி வண்டியைப் பின்னால் இழுக்கும் என்று கேட்டிருக்கிறோம், கண்ணால் கண்டதில்லை. உன் அம்மைதான் முதலில் வாய் திறந்தார்.

“பிள்ளைக்க வண்டிதான் இது. சொன்னதுக்கு எதிராத்தான் போவும்.”

நீ போன பிறகு அந்த வீட்டில் அதுதான் முதல் சிரிப்பு. செல்வின் அண்ணன் வாழையிலையை விலக்கிக்கொண்டு எழுந்தபோது உன் அம்மை கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். சுயம்பு டார்ச்சோடு அவர் பக்கம் வந்து உட்கார்ந்தான். தகட்டை அவரே மறுபடி தளர்த்தித் திருப்பி இறுக்கினார்.

இந்தமுறை மூன்றாவது மிதி. வண்டி முன்னால் போயிற்று. நானும் சுயம்புவும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு ஓடினோம். கேட்டைத் தாண்டி, சர்ச் முக்கு வரை. நாலு முறை நின்றது. நாலு முறையும் அவரே மிதித்தார். வாசலுக்கு வந்து நின்று பார்த்த பெண்கள், “எட்டி, நம்ம டெய்லரக்கா!” என்று கூவினார்கள். கையசைக்கப் போனவர் கிளட்சை விட்டுவிட, ஐந்தாவது முறையும் நின்றது.

திரும்பி வந்ததும் மூச்சிரைக்க, கிரீஸ் கையோடு போனை எடுத்தார். “ஆக்கர் கடையா? திங்கக்கிழமை வரண்டாம். இல்ல, வெல கூட்டிக் கேக்கல்ல. வண்டி ஓடுது, அதான்.” நாங்கள் கிளம்பும்போது காலியான கார்புரேட்டர் டப்பாவை என் கையில் தந்தார்.

இது நடந்து ஒரு வருடம். உன் அம்மை எல்.எல்.ஆர். எடுத்தார். முதல் தடவை எட்டு போடும்போது காலை ஊன்றிவிட்டார். இரண்டாம் தடவை ஊன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோப்பில் அவரும் உண்டு. செல்வின் அண்ணனை இப்போது அதட்டுவது அவர்தான்.

ஆஸ்பத்திரியில் உனக்குச் சொன்ன ‘மாட்டேன்’ என்னிடம் அப்படியே இருக்கிறது. அதை இறக்கி வைக்க நான் முயலவில்லை. ஆனால் இப்போது அதைத் தூக்கிக்கொண்டு தலை நிமிர்ந்து நடக்க முடிகிறது. அன்று நான் சரியென்றிருந்தால், வண்டியை நன்றாகவே மாட்டி, உன் வீட்டில் துணி போட்டு மூடி நிறுத்தியிருப்பேன். உன் அம்மை தினமும் அதைத் துடைத்துத் துடைத்து அழுதிருப்பார்.

இப்போது அவருக்கு அதைத் துடைக்க நேரமே இல்லை. போன ஞாயிறு மழையில் பத்மநாபபுரம் போய் வந்தோம், அவர் முன்னால், நாங்கள் பின்னால். அந்தச் சேறு இன்னும் மட்கார்டில் காய்ந்துகொண்டிருக்கிறது.