ஸ்க்ரூடிரைவர் வைத்த காது

என் வீட்டு முதலாளியம்மாவுக்கு,

முட்டிவலி குறைந்ததா? அத்தைக்கு இருமல் நின்றதா? எனக்கு ஒரு குறையுமில்லை, தொப்பைகூடப் போட்டிருக்கிறது.

இங்கே பட்டறையில் ஒரு பழைய லாரி இன்ஜினைக் கழற்றி, புது பிஸ்டன் போட்டு, முன்பிருந்ததைவிடப் பெரிய டர்போவும் மாட்டினேன். ஓடவிட்டு, வழக்கம்போல் ஸ்க்ரூடிரைவர் முனையை இன்ஜினிலும் கைப்பிடியைக் காதிலும் வைத்துக் கேட்டுவிட்டு, "வெண்ணெய் மாதிரி ஓடுது!" என்று மார்தட்டினேன். தூரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஃபோர்மேன் ஓடிவந்து இன்ஜினை அணைத்துவிட்டு என் காதருகே கத்தினார்.

"யோவ், உள்ளே உலக்கை இடிக்கிற மாதிரி இடிக்குது. உனக்குக் கேக்கலையா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போது எனக்குப் பாகங்களை டீசலில் கழுவுகிற வேலை. சுலபம்தான்.

பயப்படாதே. இத்தனை வருஷத்தில் இரண்டு காதையும் இன்ஜினுக்கே சீதனமாகக் கொடுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

இனி போன் வேண்டாம், எழுது. உன் கோழிக்கிறுக்கலை நான் படித்துக்கொள்வேன். போன ஞாயிறு நீ நெடுநேரம் பேசினாய். நான் எல்லாவற்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்றேன். நீ சிரித்தாயா, அழுதாயா என்றுகூடத் தெரியவில்லை. அதை முதலில் எழுது.

ஃபோர்மேன் என்னைப் பார்த்து வாயசைக்கிறார். கூப்பிடுகிறார் போலிருக்கிறது.

உன் வாயாடிப் புருஷன்