எலாஸ்டிக் கட்டிய நீச்சல் குளக் கதவு

அனுப்புநர்:
ச. மயிலாள்,
க/பெ. சரவணக்குமார்,
லைன் வீடு, மண்ணரை,
திருப்பூர்.

பெறுநர்:
கட்டட ஆய்வு அலுவலர் அவர்கள்,
செங்காட்டுப்புதூர் ஊராட்சி.

பொருள்: பனியன் கம்பெனி முதலாளி ரத்தினசாமி அவர்களின் பங்களா நீச்சல் குள வேலிக் கதவை மறுபடி சோதிக்கக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஐந்தாவது வரை படித்தவள். மேற்படி கம்பெனியில் செக்கிங் வேலை.

1. ஆயுத பூஜைக்கு பங்களாவைக் கழுவிவிட எங்களை வரச் சொன்னார்கள். பொரி கொடுப்பார்கள் என்று என் மகள் கவிப்பிரியாவையும் கூட்டிப் போனேன். நாலு வயது. வேலிக் கதவின் கொண்டி ஒரு வருடமாக உடைந்து கிடந்தது. கதவு திறந்து திறந்து போகிறதென்று, ஜட்டிக்கு வைக்கும் எலாஸ்டிக்கால் இழுத்துக் கட்டச் சொன்னார்கள். கட்டியது நான்தான். யாரும் கேட்காமலே இதை எழுதுகிறேன்.

2. கதவைத் தள்ளினால் எலாஸ்டிக் நீளும். தினமும் அதை இழுத்துப் பார்க்கிற எனக்கு அன்று தோன்றவில்லை. குழந்தை நுழைந்ததும் கதவு தானாகவே மூடிக்கொண்டது. மூடின கதவைப் பார்த்துவிட்டு, மற்ற இடமெல்லாம் தேடினோம். குளத்தைக் கடைசியாகத்தான் பார்த்தோம்.

3. என் முதல் மனுவுக்குத் தாங்கள் அனுப்பிய பதிலில், "நேரில் ஆய்வு செய்யப்பட்டது. வேலிக் கதவு மூடிய நிலையில், நன்றாக உள்ளது" என்று இருக்கிறது. பங்களா வாட்ச்மேன் தவசியண்ணனைக் கேட்டேன். "சாரு போர்ட்டிகோவ உட்டு எறங்கவே இல்ல அம்மிணி. ரெண்டு எளநி குடிச்சாரு, கையெழுத்துப் போட்டாரு" என்றார். நாற்காலியில் இருந்தபடியே அவ்வளவு தூரத்துக் கொண்டி தெரிந்திருக்கிறது. தங்களுக்கு நல்ல கண்.

4. நாங்கள் ஒவ்வொரு பீஸையும் திருப்பிப் பார்த்துத்தான் எங்கள் நம்பர் ஸ்டிக்கரை ஒட்டுவோம். ஒரு ஓட்டை தப்பிப் போனாலும் நம்பரைப் பார்த்து எழுப்பி நிறுத்துவார்கள். பார்க்காமலே ஒட்டுகிறவளை மறுநாள் கேட்டுக்குள் விடமாட்டார்கள். தங்கள் ஆபீஸில் அந்த வழக்கம் இல்லை போலிருக்கிறது. படித்தவர்கள் வேலை வேறு மாதிரி.

5. அந்த எலாஸ்டிக் இன்னும் கதவில் இருக்கிறது. நான் போட்ட அதே முடிச்சு. தவசியண்ணன் மகள் அனுசுயாவுக்கு மூன்று வயது. அந்தக் கதவோரம்தான் விளையாடுகிறாள்.

ஆகவே ஐயா, தாங்கள் சிரமம் பார்க்காமல் நாற்காலியை விட்டு எழுந்து, கதவு வரை நடந்து, ஒரு பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து அதைத் தள்ளிப் பார்க்க வேண்டுகிறேன். பிள்ளைக் கைக்கு எட்டாத கொண்டி போட உத்தரவிடவும். இளநீர் நான் வாங்கி வருகிறேன், குளத்தோரம் நின்று குடிக்கலாம்.

கொண்டி போடுகிற அன்று எனக்குச் சொல்லி அனுப்பவும். அந்த முடிச்சை நான்தான் வந்து அவிழ்க்க வேண்டும்.

இடம்: மண்ணரை
நாள்: 16.11.2009

தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
ச. மயிலாள்
(செக்கிங் நம்பர் 14)