மதினி இளைத்த வருஷம்

மதினி,

இன்று காலை அடுப்படியிலிருந்து கொள்ளு வேகிற வாசம் வந்தது. பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். உங்கள் மகள் மல்லிகா அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மார்க்கையன்கோட்டையிலிருந்து வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனவர்கள், “பொண்ணு கொஞ்சம் பூசுன மாதிரி இருக்கு” என்று தரகரிடம் சொல்லியனுப்பினார்களாம். “இனிமே ராத்திரிக்குச் சோறு வேணாம் அத்தை. கொள்ளுத் தண்ணி மட்டும் போதும்” என்றாள். அந்த வாசத்தில் என்னால் நிற்க முடியவில்லை. அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் இத்தனை வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

போடியில் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு இருபது வயது. அப்பாவும் அம்மாவும் போனபின் அண்ணன்தான் என்னைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டார். ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்த காலம். நாத்தனார் ஒருத்தி வந்து உட்கார்ந்துவிட்டாளே என்று நீங்கள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. மல்லிகா பிறந்தபிறகு உங்களுக்கு நல்ல கனத்த உடம்பு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க என் கை வேண்டும். ஆனால் சிரிப்புக்கு மட்டும் குறைச்சலில்லை. எதையாவது சொல்லிவிட்டு, நீங்களே முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள்.

அந்த ஆயுத பூஜை நினைவிருக்கிறதா? பஜாரில் அண்ணனின் ஏலக்காய்க் கடை. மூடை நிறுக்கிற பெரிய தராசுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். பூஜை முடிந்து பொரி கடலை கொடுத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் உங்களைக் கூப்பிட்டார். “ஏ, இங்கன வா. இதுல ஏறி நில்லு. மூடை கனமா, நீ கனமான்னு பாப்போம்.” பக்கத்துக் கடைக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். விளையாட்டுத்தானே என்று நீங்களும் தட்டில் ஏறிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டீர்கள். எதிர்த்தட்டில் படிக்கல் வைத்தார்கள். அசையவில்லை. “இன்னொரு கல்லு வைங்கப்பா” என்றார் அண்ணன். அதற்கும் அசையவில்லை. கடையே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். இறங்கியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு நேரே வீட்டுக்கு நடந்தீர்கள்.

அன்றைக்குப் பொரியைக்கூட நீங்கள் தொடவில்லை. மறுநாள் விடிவதற்கு முன்னால் என்னை எழுப்பினீர்கள்.

“ஏத்தா, எங்கூட வாரியா? நடக்கணும்.”

“எங்க மதினி?”

“அதான் தெரியல. பொம்பள சும்மா ரோட்டுல நடந்தா, எங்க போற, எதுக்குப் போறன்னு ஊரே கேக்கும்.”

இரண்டு பேரும் யோசித்துக் கடைசியில் கண்டுபிடித்த இடம்தான் ரயில் ஸ்டேஷன். மதுரைக்குப் போகிற காலை வண்டி கிளம்பும்வரை பிளாட்பாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கலாம். யாரையோ வண்டியேற்ற வந்தவர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். மேற்கு மலையில் மேகம் இறங்கிக் கிடக்கும். சாரல் அடித்தால் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடப்பீர்கள். மூட்டை தூக்குகிற பெரியவர் ஒரு வாரம் பார்த்தார். பிறகு கேட்டேவிட்டார். “தெனமும் வாரீகளே, யாரத்தாம்மா ஏத்திவிடுறீக?” “வர வேண்டிய ஆளு இன்னும் வரலண்ணே. நாளைக்கும் வந்து பாக்கணும்” என்றீர்கள். அதன்பிறகு அவர் நம்மைக் கண்டாலே சிரித்துக்கொண்டு பெஞ்சில் கிடந்த மூட்டையை நகர்த்தி வைப்பார்.

சாப்பாட்டிலும் நீங்கள் பிடிவாதக்காரி. காலையில் கேப்பைக் கூழும் மோரும். மதியம் ஒரே கரண்டிச் சோறு, அதைவிட இரண்டு மடங்கு கீரை. இரவுக்குக் கொள்ளு ரசம். காப்பிக்குச் சீனி கிடையாது. அண்ணனுக்கு வடை சுடுவீர்கள், கையால் தொட்டுக்கூட ருசி பார்க்கமாட்டீர்கள். நாலைந்து மாதத்தில் முட்டிவலி போயிற்று. படியேறினால் மூச்சு வாங்கவில்லை. தையல்காரர் உங்கள் ரவிக்கைகளை எல்லாம் பிடித்துத் தைத்துக் கொடுத்தார். அந்த நாலைந்து மாதத்தைப் பற்றி எனக்கு இப்போதும் ஒரு குறையும் இல்லை மதினி. அது நீங்கள் நடந்து சம்பாதித்த உடம்பு.

அதற்கப்புறம்தான் எல்லாம் வேகமாக நடந்தது. ஒவ்வொரு வாரமும் உங்கள் வளையல் முழங்கைப் பக்கம் ஏறிக்கொண்டே போனது. பழையபடி சாப்பிட ஆரம்பித்தும் இளைத்தீர்கள். அதுவும் எப்பேர்ப்பட்ட பசி! நின்றுகொண்டே சாப்பிட்டீர்கள். ஊர் முழுக்க ஒரே பேச்சு. கோயிலில், தண்ணீர்க் குழாயில், கல்யாண வீட்டில், எங்கே போனாலும் “எப்படி இப்படி இளைச்சீக, எங்களுக்கும் சொல்லுங்க” என்று பெண்கள் உங்களைச் சுற்றிக்கொண்டார்கள். அண்ணன் மதுரையிலிருந்து வெங்காயக் கலரில் ஒரு பட்டுச்சேலை எடுத்துவந்தார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக உங்களைத் தனியாகச் சினிமாவுக்குக் கூட்டிப்போனார். திரும்பி வந்து அடுப்படியில் என் காதோடு சொன்னீர்கள். “உங்க அண்ணன் என்ன சொன்னாக தெரியுமா? நீ இப்பத்தான் நல்லா இருக்கேன்னாக.” சொல்லும்போதே செம்பில் இருந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தீர்கள். மறுபடியும் மொண்டு குடித்தீர்கள்.

உங்கள் தாகத்தை நான் அப்போதுதான் கவனித்தேன். ஸ்டேஷன் குழாயடியில் இந்தக் கோடியில் ஒரு தடவை, அந்தக் கோடியில் ஒரு தடவை. நடுவில் நடக்கத் தெம்பில்லாமல் பெஞ்சில் சாய்ந்துவிடுவீர்கள். ஒரு நாள் கொல்லையில், நீங்கள் ஒதுங்கிவிட்டு வந்த இடத்தில் எறும்பு சாரையாக மொய்த்திருந்தது. பயிற்சிப் பள்ளியில் சுகாதாரப் பாடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. நேரே அண்ணனிடம் போனேன்.

“அண்ணே, மதினிக்கு ஒடம்பு சரியில்ல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்.”

“இப்பத்தான் பாக்க லெச்சணமா இருக்கா. நீ கண்ணு போடாத தாயி” என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

நான் விடவில்லை. அடுத்த பஸ்ஸில் உங்களைத் தேனிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே ஒரு லேடி டாக்டர் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு உங்கள் நீரைச் சேர்த்து விளக்கில் காட்டினார். நீலம் செங்கல் நிறமாகிவிட்டது. சர்க்கரை வியாதி. டாக்டர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். “நடந்தது தப்பில்லம்மா. சோத்தக் கொறச்சதும் தப்பில்ல. அதுல கொஞ்சம் இளைச்சீங்க. ஆனா இப்ப இளைக்கிறது நீங்க இளைக்கல. நோய் உங்களத் தின்னுது.” தினமும் ஊசி போட வேண்டும் என்றார். நீங்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள். “ஊசி போட்டா மறுபடி உடம்பு வைக்குமா டாக்டர்?” “வைக்கத்தான் வேணும்” என்றார் அவர். நீங்கள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

ஊசி போட நான் கற்றுக்கொண்டேன். மருந்துப் புட்டியைச் சின்னப் பானையில் ஈர மணலுக்குள் புதைத்து வைப்போம். கண்ணாடி ஊசியைக் காலையில் கொதிக்க வைத்து எடுப்பேன். நீங்கள் தொடையைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தாகம் அடங்கியது. கண்ணில் உயிர் வந்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. அதைப் பார்த்து வீட்டில் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்திதான்.

பிறகு கோம்பையில் நடந்த அந்தக் கல்யாணம். வெங்காயக் கலர்ப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்தீர்கள். பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்த உறவுக்காரம்மா ஒருத்தி, “என்ன, மறுபடியும் ஊதிட்டீக? எல்லாம் நாலு நாள் கூத்துத்தானா?” என்றாள். பக்கத்து வரிசையில் அண்ணன் இருந்தார். இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீங்கள் சொன்னது: “இந்த ஊசி வேணாம் ஏத்தா. இதுக்கு முன்னாடி என்னய யாரும் பாத்ததில்ல. இப்பப் பாக்குறாக. மறுபடி யாரும் பாக்காத பொம்பளையா என்னால இருக்க முடியாது.”

“நான் பாக்குறேன் மதினி. மல்லிகா பாக்குறா. ஊசிய விட்டீகன்னா செத்துப்போவீக” என்றேன். அப்படித்தான் சொன்னேன், மழுப்பாமல். நீங்கள் என் கையைத் தட்டிக்கொடுத்து, “சரி, சரி. போட்டுக்கிறேன்” என்றீர்கள்.

அந்த மாதமே எனக்கு ஆண்டிபட்டிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை வந்தது. போகமாட்டேன் என்று நான் அடம்பிடித்தேன். நீங்கள்தான் பெட்டியைக் கட்டி அனுப்பினீர்கள். தினமும் காலையில் வந்து ஊசி போட ஒரு கம்பவுண்டரை ஏற்பாடு செய்துவிட்டுப் போனேன். லீவுக்கு வந்தபோதெல்லாம் “போட்டுக்கிறேன்” என்றீர்கள். கம்பவுண்டரிடமும் கேட்டேன். வந்து போட்டுவிட்டுப் போவதாகச் சொன்னார். அப்போது அது உண்மைதான்.

மாசி முடிகிற சமயம். பள்ளிக்கூட வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. முன்சீட்டில் அண்ணன், சட்டையைத் தப்பும் தவறுமாகப் பொத்தான் போட்டுக்கொண்டு. “ஏத்தா, ஏறு. மதினிக்குப் பேச்சு மூச்சு சரியில்ல. மதுரைக்குப் போறோம்.” பின்சீட்டில் நீங்கள் கிடந்தீர்கள். உங்கள் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. மூச்சில் அழுகின பழத்தின் வாடை. உதடு வெடித்திருந்தது. அத்தனை வேதனையிலும், அத்தனை வெயிலிலும், அந்தப் பட்டுச்சேலையைத்தான் கட்டியிருந்தீர்கள். ஆஸ்பத்திரிக்கு என்றதும் நீங்களே கேட்டுக் கட்டிக்கொண்டீர்களாம்.

“ஏத்தா, தண்ணி” என்றீர்கள்.

காரில் குடிக்கத் தண்ணீர் இல்லை. டிரைவர் வண்டியை நிறுத்தி, இஞ்சினுக்கு ஊற்ற வைத்திருந்த தகர டப்பாவைக் கொண்டுவந்தார். அதைத்தான் என் முந்தானையில் நனைத்து உங்கள் வாயில் பிழிந்தேன். ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது மூச்சு மெதுவாயிற்று. இறங்கும்போது இல்லை. அண்ணன் முன்பக்கம் பார்த்தபடியே, “இப்ப எப்படி இருக்கு? இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் பதில் சொல்லாததை அவர் உசிலம்பட்டிக்குப் பக்கத்தில்தான் புரிந்துகொண்டார்.

சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வந்த பெண்கள் உங்களைப் பார்த்து என்ன சொன்னார்கள் தெரியுமா? அழுகைக்கு நடுவில் ஒருத்தி சொன்னாள். “எப்படிக் கொடி மாதிரி ஆயிட்டா பாருங்க. இந்த அழகப் பாத்துக்கிட்டு வாழக் குடுத்து வைக்கலயே.” நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

கம்பவுண்டர் வந்து வாசலிலேயே நின்றார். “டாக்டரம்மா ஊசிய நிப்பாட்டச் சொல்லிட்டாக, இனிமே வர வேணாம்னு ஒங்க மதினிதான் சொன்னாக. நானும் நெசம்னு நம்பிட்டேன்” என்றார். மணல் பானையில் கையை விட்டேன். மூடி திறக்காத புட்டிகள் வரிசையாக, குளிர்ச்சியாக இருந்தன.

காரியம் முடிந்தபிறகு அண்ணன் என்னிடம் வந்து உட்கார்ந்தார். பெரிய மனிதர், சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார். “நல்லா இருக்கேன்னுதான சொன்னேன். வேற என்னத்தா சொன்னேன் அவள?” அவரைத் திட்டுவதற்காக நான் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தேன். நீங்கள் இருந்தால் ஏதாவது சொல்லி அவரைத் தேற்றியிருப்பீர்கள். நான் ஒரு செம்பு தண்ணீர் மொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மல்லிகாவை என்னிடம் விட்டுவிட்டார். இப்போது அவருக்கும் சர்க்கரை இருக்கிறது. காலையில் எழுந்ததும் யாரும் சொல்லாமல் தானே ஊசியைப் போட்டுக்கொள்கிறார். போடும்போது யாரும் அறைக்குள் போகக் கூடாது.

மல்லிகாவுக்கு இதுவரை, அம்மா காய்ச்சலில் போனார்கள் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். இன்று மதியம் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தராசிலிருந்து கணவாய்வரை. “நான் அப்பிடியெல்லாம் பண்ணமாட்டேன் அத்தை” என்றாள். “நீ நட. அளவா சாப்பிடு. அது நல்லதுதான், நானே கூட வாரேன். ஆனா ஒருத்தன் பாக்கணும்னு பட்டினி கிடக்காத. மார்க்கையன்கோட்டைக்காரங்க வேணாம்னா போகட்டும்” என்றேன். நாளைக்கு ரத்தப் பரிசோதனைக்கு வரச் சம்மதித்திருக்கிறாள். முடிவு என்னவாக இருக்கும் என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

எனக்கென்று மிச்சம் இருப்பது ஒரு கேள்வி மதினி. யாராவது இளைத்து வந்து நின்றால் எல்லோரும் சொல்கிற அந்த நல்ல வார்த்தை என் வாயில் வருவதில்லை. “தாகம் எடுக்குதாத்தா?” என்றுதான் கேட்கிறேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் சிரிக்கிறார்கள். சிலர் கோபித்துக்கொண்டு என்னோடு பேசுவதையே விட்டுவிட்டார்கள். போன மாதம் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்து, இளைத்துக்கொண்டே போன பெண்ணிடமும் அதையே கேட்டேன். அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. புருஷன் வருகிறானா என்று வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.